மாமி வைத்த பெயர்கள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. மாமி வரவிடவில்லை.

அப்பாவுக்கு வந்தது அல்சர். பெரியப்பாவுக்கு வந்தது தொண்டைக்கட்டு. அது சுகமாகிச் சில வருடங்கள் கழித்து வந்தது நெஞ்சுச்சளி. அப்பாவோடு பிறந்த மூத்த மாமிக்கு வந்தது பெலவீனம். இந்தப் பெயர்களை எல்லாம் வைத்தவர் அப்பாவின் கடைசித் தங்கை. எனக்கு மாமி. என் மனைவிக்கும் மாமி, மகளுக்கும் மாமி, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் மாமி. கலியாணம் கட்டாதவர். வீட்டில் யார் படுக்கையில் விழுந்தாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவர்தான் என்பது யாரும் கூடிப் பேசாமலே முடிவான விஷயம். பிள்ளையைப் பெற்றவர் பெயர் வைக்கிறார். நோயைப் பார்த்தவர் பெயர் வைத்தால் என்ன?

ஆளுக்குத் தக்கபடிதான் பெயர் தெரிவுசெய்வார். அப்பா சாப்பாட்டுப் பிரியர்; அல்சர் அவருக்குத் தைத்த சட்டை போல இருந்தது. மூத்த மாமி பிறந்ததிலிருந்தே சுவரில் சாய்ந்துகொண்டு கதைப்பவர். பெலவீனம் என்றதும் ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வைத்த பெயருக்கு மாமி விசுவாசமாகவும் இருப்பார். அல்சர் என்று அறிவித்த நாளிலிருந்து எங்கள் குசினியில் மிளகாய்த்தூள் நின்றது. அப்பாவுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். வருகிறவர்கள் மணத்தைப் பிடித்துவிடுவார்களாம். காலையும் மாலையும் இடியப்பமும் பால் சொதியும். அப்போது பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நான், காலி வீதியில் கொத்துரொட்டி தின்று, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மாமி கிட்ட வந்து முகர்ந்து பார்ப்பார்.

"கொப்பருக்கு அல்சர். உனக்கு வெக்கமில்லையே?"

அவர் கண்ணில் உண்மையான கோபம் இருக்கும். தான் சொன்ன பொய்யை முதலில் நம்புகிறவர் அவர்தான்.

கொழும்பில் மகரகம என்று சொன்னால் போதும், நோயின் பெயரைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. ஆகவே மாமி ஊரின் பெயரையும் சொல்லமாட்டார். "நுகேகொடைக்குப் போட்டு வாறம்" என்பார். நுகேகொட அதே வீதியில் மகரகமவுக்கு முன்னால் வருகிறது. துணிக்கடைகளால் நிறைந்த இடம். அப்பாவைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய் வரும் ஒவ்வொரு தடவையும், திரும்பும் வழியில் நுகேகொடையில் இறங்கி ஒரு துவாய் வாங்குவார். கையில் கடைப்பை இல்லாமல் ஒழுங்கைக்குள் நுழைந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? சிகிச்சையில் வாடிப்போன அப்பா கடை வாசலில் ஒரு ஸ்டூலில் இருப்பாராம். மாமி உள்ளே நின்று நீலமா பச்சையா என்று யோசிப்பாராம். எங்கள் அலுமாரி துவாயால் நிறைந்தது. முகம் துடைக்க, கால் துடைக்க, ஈரத் துவாயைத் துடைக்கக்கூடத் துவாய் இருந்தது.

எதிர்வீட்டு அன்ரிக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, உடுப்பொண்டும் எடுக்கிறேல்லை, துவாயிலையே நிக்கிறியள்?"

"இவருக்கு வேர்வை கூடப் பிள்ளை."

வருத்தம் பார்க்க வருகிறவர்களை மாமி வாசலில் வைத்தே சமாளிப்பார். ஒரு கை கதவு நிலையில். மற்றக் கை இடுப்பில். அந்தக் கைக்குக் கீழால் குனிந்துதான் உள்ளே போகலாம். பெரியவர்கள் அப்படிக் குனிவதில்லை. ஒருநாள் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வந்தார். தூரத்து உறவு. நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போகாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"பிள்ளை, உள்ளதைச் சொல்லும். கான்சரோ?"

"ஐயோ மாஸ்டர், உங்களுக்கோ?"

"எனக்கில்லைப் பிள்ளை!"

"இல்லை, கண்ணுக்குக் கீழை கறுத்துப்போய்க் கிடக்கு. நானும் போன முறையே சொல்ல நினைச்சனான். எதுக்கும் ஒருக்காக் காட்டிப் பாருங்கோ."

மாஸ்டர் தேத்தண்ணியும் குடிக்காமல், கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு போனார். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. அப்பா உள்ளே படுத்தபடி சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா சிரித்துக் கேட்டது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

"ஏன் மாமி இவ்வளவு பாடு? உள்ளதைச் சொன்னால் என்ன?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பேரைச் சொன்னாப் போல மாறப்போகுதே?"

மாறவில்லைத்தான்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவனுக்கு, ஐம்பது தாண்டிய வயதில், எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தது. விடாத இருமலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். நான் பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவன். துணிச்சலாக நடந்துகொண்டிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் முதலில் செய்த காரியம் மரண அறிவித்தலுக்குப் படம் தேடியது. நல்ல படங்களில் எல்லாம் யாராவது கூட நின்றார்கள். தனியே நின்ற ஒரே படம் நுவரெலியாவில் எடுத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதில் குதிரைதான் நன்றாகப் பதிந்திருந்தது. அடுத்ததாக இணையத்தில் வாசித்தேன். காலையில் ஒரு வருத்தத்தோடு உட்கார்ந்தவன் மத்தியானம் ஏழெட்டு வருத்தத்தோடு எழும்பினேன். அவற்றில் ஒன்று பெண்களுக்கு மட்டும் வருவது.

இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி, மெல்பேர்னில் இருக்கும் மகளுக்குச் சமைத்துக் கொடுக்கப் போனவர். சமையல் இன்னும் முடியவில்லை. அடுக்குமாடியில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான்; அதில் அதிகம் சத்தம் போடுவது பெட்டி. தொலைபேசியில் மனைவி "என்னப்பா, இருமிற மாதிரிக் கிடக்கு" என்றபோது, "நெஞ்சில சளி கட்டிப்போச்சு, சின்ன ஒப்பரேசன் ஒண்டு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே விளங்கியது.

வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக ஓட்டோவில் வீடு திரும்பினேன். நான் மூச்சு வாங்குவதைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டோக்காரர், "அய்யே, எக்சசைஸ் மதி" என்று சிங்களத்தில் புத்தி சொன்னார். உடற்பயிற்சி போதாதாம்.

காயம் ஆறியபிறகு டொக்டரிடம் போனேன். இளம் ஆள், மட்டக்களப்புப் பக்கம்.

"குடும்பத்தில ஆருக்கும் கான்சர் இருந்ததோ?"

"இல்லை டொக்டர். எங்கட ஆக்கள் எல்லாம் சில்லறை வருத்தத்தில போனவை."

"எப்பிடி?"

"அப்பா அல்சர். பெரியப்பா நெஞ்சுச்சளி. மூத்த மாமி பெலவீனம்."

டொக்டர் பேனையை மூடி வைத்தார். "பெலவீனத்தில ஆரும் சாகிறேல்லை" என்றார்.

பிறகு அவர் ஆறுதலாக விளக்கினார். நுரையீரலில் வந்தது வேறு இடங்களுக்குப் பரவ முன்பு எடுத்தாகிவிட்டது, அது நல்ல செய்தி. ஆனால் அதோடு சம்பந்தமே இல்லாமல், குடலிலோ வேறு எங்கோ, புதிதாக இன்னொன்று தொடங்கலாம். குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் அந்தச் சாத்தியம் கூட.

"வரத்தான் வேணும் எண்டில்லை. ஆனா ஆருக்கு, எங்கை, எந்த வயசில வந்தது எண்டு தெரிஞ்சாத்தான் நான் எங்கை தேடுறது எண்டு முடிவெடுக்கலாம். உங்கட மகளும் தெரிஞ்சிருக்கவேணும். இளம் பிள்ளை. அவ எப்ப இருந்து சோதிக்கத் தொடங்கவேணும் எண்டதே இதிலதான் இருக்கு. கேட்டுக்கொண்டு வாங்கோ."

அந்தக் கதிரையில் இருந்தபோதே எனக்கு வயிறு வலித்தது. எழும்பும்போது தொண்டை. படியிறங்கும்போது முழங்காலில் ஒரு குத்து. முழங்காலிலும் வருமோ என்று திரும்பிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

உள்ளதைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருந்தது மாமி ஒருவர்தான்.

எங்கள் ஒழுங்கை வீடு இடிபட்டு அடுக்குமாடியான பிறகு மாமி கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார். கடைகளுக்கு மேலே ஓர் அறை. என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டபோது, "உன்ர வீட்டில ஆருக்கும் வருத்தமில்லையே, நான் வந்து என்ன செய்யிறது?" என்றார். அந்த அறையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் அவர் இருப்பார், மற்றதில் மடித்த உடுப்புகள் இருக்கும். நான் போனதும் உடுப்புகளைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார். அவை அங்கே கனநாள் இருந்த மாதிரித் தெரிந்தது.

"மாமி, அப்பாவுக்கு என்ன வருத்தம்?"

"அல்சர்."

"நான் கேக்கிறது உள்ளதை."

"உள்ளதைத்தானே சொல்லுறன். அல்சர் முத்திப்போச்சு."

"டொக்டருக்கு அல்சர் போதாதாம்."

"அப்ப வேற டொக்டரிட்டைப் போ." தேத்தண்ணியை நீட்டியவர் கையை எடுக்காமல் கேட்டார்: "உனக்கென்ன டொக்டரிட்டை அலுவல்?"

"சளி கட்டினது மாமி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன்னுடைய கையெழுத்தில் வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு, "பிள்ளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குதெல்லே?" என்றார்.

"ஓம். சிட்னிப் பெடியன். ரெண்டு பேரும் கதைக்கினமாம்."

"அப்ப வாயை மூடிக்கொண்டிரு. எனக்கும் ஒரு இடம் பேசினவை, தெரியுமே? புதுக்கடைக் கோட்டில ஒரு அப்புக்காத்தரிட்டைக் கிளாக்கு. நல்ல உயரம். பொம்பிளை பார்க்க வந்திருக்கேக்க உள்ளை என்ர ஐயா, உன்ர அப்பப்பா, இருமினார். என்ன வருத்தம் எண்டு கேட்டவை. உன்ர பெரியப்பா பெரிய உண்மை விளம்பியெல்லே, சொல்லிப்போட்டார். நான் சுட்ட பயத்தம்பணியாரம் எல்லாம் முடிச்சுத்தான் எழும்பினவை. பதில்தான் வரேல்லை."

கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இல்லை. பணியாரம் முடிந்தது என்ற இடத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அந்தப் பெரியப்பாவுக்கே பிறகு வந்ததே, மாமி?"

"தொண்டைக்கட்டு எண்டு சொன்னன். மறுத்துக் கதைக்க மனிசனுக்குக் குரல் இல்லை."

அதற்கு மேல் ஒரு சொல்லும் பெயரவில்லை. வடை சுற்றித் தந்து, படி மட்டும் வந்து அனுப்பிவைத்தார்.

கேட்டு வரச் சொன்ன டொக்டரிடம் வடையைப் பற்றியா சொல்வது? அவர் என்னை மகரகமவுக்கு ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். தெரிந்தவர் யாரும் கண்டுவிடக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கோலத்தில் ஆஸ்பத்திரிக்குள் என்னைத் திரும்பிப் பார்க்காத ஆள் இல்லை. வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மனிசி சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டு, விரித்த பேப்பருக்குள் முகத்தை வைத்திருந்தார். சிங்களப் பேப்பர். தலைகீழாகப் பிடித்திருந்தார். மடியில் ஒரு கடைப்பை.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"நீ எங்கையடா இஞ்சை?"

"நுகேகொடைக்கு வந்தனான் மாமி. துவாய் எடுக்க."

அவர் சிரிக்கவில்லை. "என்ன நிறம்?" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் முக்காட்டை எடுத்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"எங்கை?" என்று கேட்டார்.

"நெஞ்சு. வலப்பக்கம்."

"எனக்கு இடப்பக்கம்."

"அப்ப ரெண்டு பேரையும் சேர்த்து ஒட்டினா ஒரு முழு ஆள் தேறும் மாமி."

அதற்குச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க நேரமெடுத்தது. நான் முதுகைத் தடவிவிட்டேன். ஒவ்வொரு எலும்பும் கையில் பட்டது.

சுற்றிவர எல்லோரும் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கு வசதியாக இருந்ததோ, இனி மறைத்து என்ன என்று நினைத்தாரோ தெரியாது. நான் மறுபடி கேட்டேன். "அப்பா?"

அவர் உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்தார்.

"பெரியப்பா?"

தொண்டையைத் தொட்டார். பிறகு நெஞ்சு. "ஐயாவுக்கும் இஞ்சைதான்" என்றார்.

"மூத்த மாமி?"

மார்பு. பிறகு கீழே, அடிவயிறு. "முதலாவது வரேக்க உன்ர வயசும் இல்லை அவவுக்கு" என்றார்.

"நீங்கள்?"

மார்பைத் தொட்டார். பிறகு நெஞ்சின் இடப்பக்கம்.

அந்த வாங்கில் இருந்தபடி, வாயால் ஒரு பெயரும் சொல்லாமல், எங்கள் குடும்பம் முழுவதையும் தன்னுடைய உடம்பிலேயே தொட்டுக் காட்டிவிட்டார். ஒரு ஆளுக்கு இரண்டு இடம், இன்னொரு ஆளுக்கு இரண்டு இடம். நான் பயத்தில் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் எங்கே போகுமோ என்று.

"மார்பில உங்களுக்கு எப்ப மாமி? எங்களுக்கு ஒண்டும் தெரியாதே!"

"நான் கதிர்காமம் போய் ஒரு மாதம் நிண்டது ஞாபகமே?"

ஞாபகம் இருந்தது. கதிர்காமத்திலிருந்து வந்த மாமியிடம் நான் திருநீறு வாங்கிப் பூசியிருக்கிறேன்.

"ஆர் பார்த்தது?"

"ஆரைக் கேக்கிறாய்? பார்க்கிற ஆள் நானெல்லே."

உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பமுன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "டொக்டருக்குச் சொல்லு. டொக்டர் சம்பந்தம் பேச வரமாட்டார். பிள்ளைக்கு மட்டும் சொல்லாதை. முதல்ல எழுத்து முடியட்டும். சத்தியம் பண்ணு."

எழுத்து என்றால் பதிவுத் திருமணம். சத்தியம் பண்ணினேன். பயந்த மனிதன் எதையும் சத்தியம் பண்ணுவான்.

சில வாரங்களில் மாமியை வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். ஊருக்கும் உறவுக்கும் மாமி சொல்லிவிட்டு வந்தது சிதம்பரம். "முந்திக் கதிர்காமம் எண்டனான். இந்த முறை கனநாள் எடுக்கும் போல கிடக்கு, அதுதான் கொஞ்சம் தூரமாச் சொன்னனான்" என்றார். அந்தப் பொய்யை வெளியே கொண்டு திரிந்தவன் நான். சந்தையில், கோயிலில், லிஃப்டில் என்று ஆட்கள் என்னை மறித்தார்கள். மாமி எப்ப வாறா? எங்களுக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லும். குங்குமம் மறக்கவேண்டாம் எண்டு சொல்லும். ஒருவருக்கு அவசரம் தாங்கவில்லை. புறக்கோட்டையில் திருநீறும் குங்குமமும் வாங்கி, யாரோ இந்தியாவால் கொண்டுவந்து தந்ததாகக் கொடுத்தேன். கண்ணை மூடிப் பூசிக்கொண்டு, "என்ன இருந்தாலும் அந்த மணம் இஞ்சத்தைத் திருநீறில வராது" என்றார்.

பார்வையாளர் நேரத்தில் நான் போவேன். மற்றக் கட்டில்களைச் சுற்றிக் கூட்டமாக நிற்பார்கள். சோற்றுப் பார்சலைப் பிரித்து ஊட்டுவார்கள். பிள்ளைகள் கட்டிலில் ஏறி இருக்கும். மாமியின் கட்டிலில் நானும், குடிக்காத தேத்தண்ணியும்.

"சிதம்பரத்தில வெயில் எப்பிடி மாமி?"

"காத்தில்லை" என்பார். மூச்சு வாங்கிக்கொண்டு.

எத்தனையோ பேரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய மனிசி, அந்த நேரம் முழுக்க வார்ட்டின் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது தமிழ்ப் பெண் பொட்டோடு உள்ளே வந்தால் தலை கொஞ்சம் உயரும். அந்தப் பெண் வேறு கட்டிலுக்குத் திரும்பியதும் தலை தலையணையில் இறங்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"சொல்லட்டா மாமி? ரெண்டு பேருக்குச் சொன்னால் போதும், வந்திடுவினம்."

"உன்ர விருப்பம்" என்றார். மாமி வாயில் அதை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராக அழைத்தேன். மாமி சிதம்பரத்தில் இல்லை, மகரகமவில், நுரையீரலில் கான்சர், ஆட்களைத் தேடுகிறா என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல. மச்சானின் கலியாணத்தில், மாப்பிள்ளை பின்கதவால் ஓடிவிட்டார் என்று மண்டபம் முழுக்கக் கதை கட்டிவிட்டவன் நான். "உனக்குப் பகிடிக்கு ஒரு அளவில்லையோ? கோயிலுக்குப் போன மனிசியைப் பற்றி இப்பிடிக் கதைக்கிறது பாவமடா" என்று ஒரு அக்கா என்னை ஏசி அழைப்பைத் துண்டித்தார். இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மாமி தலைவாரி, பொட்டு வைத்து, தலையணையில் நிமிர்ந்து இருந்தார். யாரும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, எங்க நிக்கிறீங்க? பின்னால தெரியிறது என்ன, கட்டிலா?"

நுகேகொட என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மாமியைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இளம் பிள்ளை.

"மகள், அப்பாவுக்கு வந்தது சளியில்லை" என்றேன். "நுரையீரலில கான்சர். வெட்டி எடுத்தது. மாமிக்கும் அதுதான். அப்பப்பாவுக்கும் ஒரு நாளும் அல்சர் இருந்ததில்லை. நீயும் போய்ச் சோதிக்கவேணும்."

மகள் சிரித்தாள். "அப்பா, ப்ளீஸ்! அம்மா, இஞ்ச வாங்கோ, அப்பா தொடங்கிட்டார்."

பின்னால் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம். அதற்கு மேலால் மனைவியின் குரல்: "அந்த மனுசனுக்கு வேற வேலையில்லை. சாப்பிட்டாரோ எண்டு கேள்."

"பகிடியில்லை மகள், உண்மையாச் சொல்லுறன்."

"எப்பவும் அப்பிடித்தானே சொல்லுவீங்க!"

எவ்வளவு கெஞ்சினேனோ அவ்வளவு சிரித்தாள். என் குரல் நடுங்கியதை நடிப்பில் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு வேர்த்தது. ஒரு மனிதன் தன் சொந்தப் பிள்ளைக்குத் தனக்கு வந்த நோயை நம்பவைக்க முடியாமல் நிற்பது எப்படி என்று அன்றுதான் கண்டேன்.

மாமி கையை நீட்டினார். "தா இஞ்சை."

தந்தேன். படம் தெரியாதபடி திரையை நெஞ்சில் கவிழ்த்து வைத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பிறகு தூக்கினார்.

"பிள்ளை, மாமி கதைக்கிறன்."

"மாமி! சிதம்பரம் எப்பிடி? ஏன் இப்பிடி மெலிஞ்சு…"

"நான் சிதம்பரத்தில இல்லைப் பிள்ளை. மகரகமவில. எனக்குக் கான்சர்."

அந்தச் சொல்லை மாமி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. புதுப் பல்செட்டைப் போல, வாயில் சரியாகப் பொருந்தாமல் வந்தது. மறுபக்கத்தில் சிரிப்பு நின்றது. மாமி பொய் சொல்வார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சிறிது நேரத்தில் பொரியும் சத்தமும் நின்றது.

"உன்ர அப்பாவுக்கும் அதுதான். வெட்டி எடுத்தாச்சு, நல்லா இருக்கிறார், பயப்பிடாதை. உன்ர அப்பப்பாவுக்குக் குடலில. பெரியப்பப்பாவுக்குத் தொண்டையில, பிறகு நுரையீரலில. என்ர ஐயாவுக்கும் நுரையீரலில. மூத்த மாமிக்கு மார்பில, பிறகு கருப்பையில. எனக்கும் மார்பில முதல் வந்தது. எல்லாம் கான்சர்தான். கேக்குதே? டொக்டரிட்டைப் போய் இதை அப்பிடியே சொல்லு. ஒண்டையும் மறைக்காதை."

"போறன் மாமி." குரல் மிகச் சின்னதாக வந்தது.

"பெடியன் வீட்டுக்கும் சொல்லு. ஓடுறவை எண்டால் மண்டபம் எடுக்க முதலே ஓடட்டும்."

மகள் அழுதாள். மாமி திரையைப் பார்த்தபடி பொறுத்திருந்தார். அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகியவர், அவசரப்படுத்தவில்லை. பிறகு மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"மாமி, உங்களோட ஆர் நிக்கிறது?"

"உன்ர கொப்பர் நிக்கிறார்."

"அப்பாவோட?"

எந்தக் கேள்விக்கும் வாசலிலேயே பதில் வைத்திருக்கிற மாமி, இதற்கு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெட்டிய பக்கமாகச் சரிந்து நிற்கும் என்னை.

"நான்தான்" என்றார்.

மணி அடித்தது. பார்வையாளர்களை வெளியே போகச் சொல்லித் தாதி கட்டில் கட்டிலாக வந்தார். பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள். வெறும் பார்சல்களை மடித்துக்கொண்டு எல்லோரும் கூட்டமாக நகர்ந்தார்கள். மாமியின் கட்டிலோடு சேர்ந்த இரண்டு நோயாளிகளில் ஒருவனான நானும் அவர்களோடு சேர்ந்து வெளியே போனேன்.